சுருட்டை, பட்டு, மொட்டை

முடி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சுண்டெலிக்கு அவ்வப்போது ஒரு பட்டம் சூட்டி, ஊரைக் கூட்டிக் காட்டிய மடையன் நான். பிற்காலத்தில் இதைவிடப் பெரிய மடத்தனங்களைச் செய்யாமல் இல்லை. ஆனால் வயதாகிவிட்டதால் அவற்றுக்கெல்லாம் அனுபவம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதற்கு மட்டும் அப்படி ஒரு கௌரவமான பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்போது நாங்கள் போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் இருந்தோம். அப்பா சர்க்கார் குமாஸ்தா. மெட்ராஸ் கப்பல் என்றைக்கு வரும் என்பது அந்தக் கப்பலுக்கே தெரியாத காலம். அதனாலோ என்னவோ, கப்பலில் வந்து இறங்கிய எதையும் நாங்கள் சந்தேகப்பட்டதில்லை. முட்டைக்கோஸ் மஞ்சளாக வந்து சேர்ந்தால், முட்டைக்கோஸின் நிறமே மஞ்சள்தான். வெல்லம் கசந்தால், நல்ல வெல்லம் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இருந்தால்தானே! ‘மெயின்லேண்ட் சாமான், அப்படித்தான் இருக்கும்’ என்ற அந்த ஒரு நம்பிக்கையில் எங்கள் தெருவின் தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் ஒரே மதம்.

அப்படி ஒரு கப்பலில்தான் அத்தையும் வந்து இறங்கினாள். அம்மாவின் தம்பி, என் மாமா, அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் காண்டிராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லீவு எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனவர் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். அத்தைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பு அக்காக்களைவிட ஒன்றிரண்டு வயது கூட இருந்தால் அதிகம். கப்பல்துறையில் இறங்கும்போது அவள் ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்றும் இருந்தன. டின்னுக்குள் இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள். மதுரையில் அவள் தம்பி வளர்த்து விற்பவனாம். அக்கா கடல் தாண்டிப் போகிறாளே என்று அழுதுகொண்டே கொடுத்தானாம்.

“ஊர் உலகத்துல எலி வந்தா விரட்டுவாங்க. நம்ம மகாராணி சீதனமால்ல கொண்டாந்திருக்கா!” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். மாமா எதைச் சொன்னாலும் நான்தான் அதிகம் சிரிப்பேன். அபர்டீன் பஜாரிலிருந்து எனக்கு மிட்டாய் வாங்கி வருகிறவர், என்னைத் தூக்கித் தலைக்கு மேலே வீசிப் பிடிக்கிறவர் அந்தத் தீவில் அவர் ஒருவர்தான்.

தம் வீட்டில் எலி நாற்றம் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டதால் டின் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. “பத்திரமா வச்சுக்கடா மருமகனே. எங்க வீட்டு ஆளுங்கன்னு இந்த ஊர்ல எனக்கு இதுக ரெண்டுதான். நான் வந்து வந்து பாத்துக்கறேன்” என்றாள் அத்தை. அன்று சாயங்காலம் அவள் தம்பியின் எலிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாள். முடி அலை அலையாக இருந்தால் சுருட்டை; மினுங்கினால் பட்டு; நீளமாகத் தொங்கினால் சடை; முடியே இல்லாமல் பிறந்தால் மொட்டை. பெயர்களை அப்படியே விழுங்கிவிட்டேன். எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது என்றும் சொன்னாள் போலிருக்கிறது. அதற்குள் நான் தெருப் பையன்களைக் கூப்பிட வெளியே ஓடிவிட்டேன்.

டீத்தூள் வந்த ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றில் வலை அடித்து எலிகளைக் குடிவைத்தேன். பெரியதற்குப் பெரிசு, சின்னதற்குச் சிறுசு என்று பெயர். என் கற்பனை வளம் அவ்வளவுதான்.

தீபாவளிக்கு மாமாவும் அத்தையும் வந்தார்கள். பந்தியில் மாமா தம் இலையிலிருந்த கறித்துண்டை எடுத்து அத்தை இலையில் வைத்தார். “எந்தம்பி மாதிரி யாரு பொண்டாட்டிய இப்பிடித் தாங்குவா?” என்று அம்மா பூரித்தாள். அத்தை அந்தத் துண்டை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்ததை நான் பார்த்தேன். பார்த்த காரணம், அது கடைசியில் எனக்கு வருமா என்பதுதான். சாப்பாடு முடிந்து அம்மா அவளுக்குத் தலைவாரி விட்டாள். சீப்பில் முடி கற்றையாக வந்தது. காதுக்குப் பின்னால் ஓர் எட்டணா அகலத்துக்கு முடியே இல்லை.

“என்னா புள்ள இது, இப்பிடி வருது?”

“தண்ணி ஒத்துக்கல மதினி.”

முன்னறையில் மாமா ஏதோ சொல்லி அப்பாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அம்மா சீப்பை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். முன்னறையிலிருந்தே மாமா, “மெயின்லேண்ட் சரக்கு அக்கா, கடக்காத்து பட்டா கொஞ்சம் உதிரத்தான் செய்யும்!” என்றார். வழக்கம்போல நான்தான் அதிகம் சிரித்தேன். அத்தை எலிப் பெட்டியைப் பார்க்க எழுந்தாள். அதற்குள், “ஃபெர்ரி போயிரும், வா” என்று வாசலிலிருந்து குரல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மாமா மட்டும் வந்து போனார்.

அதையடுத்துத்தான் சிறுசுவின் முதுகில் முடி திட்டுத் திட்டாகக் குறைய ஆரம்பித்தது. மீதி முடி மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. அலை அலையாக! நான் குதித்தேன். சுருட்டை! சாதாரண எலி என்று நினைத்தோமே, கப்பலில் வந்த சுருட்டை ரகமல்லவா இது! இன்னும் கொஞ்ச நாளில் அலையும் போய், தோல் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. ஆகா, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன், இது பட்டு. தெருப் பையன்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

“ஏய், யே அய்சா கியூன் ஹை?” ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு வங்காளிப் பையன் கேட்டான்.

“மெயின்லேண்ட் கா மால் ஹை ரே!” என்றேன். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. மெயின்லேண்ட் சரக்கு என்றால் எதிர்க்கேள்வி ஏது?

மழை பிடித்துக்கொண்டது. சிறுசு மூலையில் சுருண்டு நடுங்கியது. தீனி வைத்தால் கிட்டே வராது. பெரிசு தின்று முடித்த பிறகு வந்து மோந்துவிட்டுப் போகும். அப்போதும் நான் கலங்கவில்லை. மொட்டை ரகம் குளிரில் நடுங்காமல் என்ன செய்யும் என்று பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் சொன்னேன். பெரிசு மட்டும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு காலை அதன்மேல் போட்டுக்கொண்டு, நக்கி நக்கிவிடும். அம்மாகூட ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, “அந்த வாயில்லா சீவனுக்கு இருக்கற பாசத்தப் பாரு. நீயும் இருக்கியே, தங்கச்சியத் தொட்டில்ல போட்டு ஆட்டச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு” என்றாள்.

அதே அம்மாதான் பிறகு பயந்தாள். தொட்டிலில் கைக்குழந்தை. எலிக்குச் சொறி என்றால் குழந்தைக்கு ஒட்டும். “இங்க பாரு. ரகம்னா வச்சுக்க. சீக்குன்னா இன்னைக்கே கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டு வா. உங்கத்தைக்கு நான் சொல்லிக்கறேன்” என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். ரகம் என்று சொல்ல நான் இருக்கிறேன். ஆனால் என் பேச்சை நம்ப நானே தயாராக இல்லை. அத்தை ஒருத்தி சொன்னால் போதும். சிறுசு பிழைத்துவிடும்.

அம்மா சுட்ட முறுக்கை மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் மறுநாள் கிளம்பினேன். பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன், நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவர், தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போகிறவர். அவரோடு சாத்தாம் துறையில் ஃபெர்ரி ஏறினேன். மடியில் அதே பிஸ்கட் டின். தாதா மூடியைத் திறந்து பார்த்தார். “பேட்டா, யே தோ மர் ஜாயேகா” என்றார். செத்துவிடும் என்று ஒருவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மூடியை மூடிக்கொண்டேன். அக்கரை வரும்வரை திறக்கவில்லை.

மாமா வீடு சரிவில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. ஆள் இல்லை என்று திரும்பப் பார்த்தேன். ஜன்னல் திறந்தது.

“யாரு, மருமகனா?”

“ஏன் அத்தை பூட்டியிருக்கு?”

“காட்டுப் பன்னி வருதாம். உங்க மாமாதான் பூட்டிட்டுப் போறாரு.”

பன்றி எந்த ஊரில் கதவைத் திறந்துகொண்டு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமாவுக்கு எவ்வளவு அக்கறை என்றுதான் தோன்றியது. அத்தையை நான் கடைசியாகப் பார்த்தது அந்த ஜன்னலில்தான். அடுத்த கப்பல் வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எதனால் என்று கேட்டால் அம்மா காய்ச்சல் என்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

முறுக்கை ஒவ்வொன்றாகக் கம்பி வழியே கொடுத்தேன். டின் நுழையவில்லை. சிறுசுவைக் கையில் எடுத்து நீட்டினேன். அத்தை அதை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நான் முதுகைக் காட்டக் காத்திருந்தேன்; அவள் பார்த்தது மூஞ்சியை.

“மீசை எங்கடா?”

எலிக்கு மீசை உண்டு என்பதையே அப்போதுதான் யோசித்தேன். மூக்கின் இரு பக்கமும் கத்தரித்துவிட்டது போலக் கட்டை கட்டையாகச் சில முட்கள்தான் இருந்தன.

“இது சுருட்டைதானே அத்தை?”

“சுருட்டைன்னா குட்டியிலயே மீசை சுருண்டு நிக்கும்டா. பட்டுன்னா முடி இருந்துல்ல மினுங்கணும்? மொட்டையாப் பொறந்ததுக்கும் வளைஞ்சு நெளிஞ்சு மீசை இருக்கும். இதுக்குக் கட்டைதான் மிச்சம்.”

“அப்ப சீக்கா? அம்மா கடல்ல போடச் சொல்லிட்டாங்க அத்தை.”

அவள் விரல் நுனியால் அதன் தோலைத் தடவினாள். “சொறின்னா பொருக்குத் தட்டும், சொறிஞ்ச காயம் இருக்கும். இது எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு. கூட இருக்கறதுதான் கடிச்சு எடுத்திருக்கு. பாக்கறவங்களுக்கு நக்கிக் குடுக்கற மாதிரி இருக்கும். மொதல்ல மீசை. அப்பறம் தலை. அப்பறம் முதுகு. இது பேசாம உக்காந்திருக்கும்.”

“பெரிசா? ச்சே, அது ரொம்ப நல்லது அத்தை!” என்று நான் பெரிசுக்காக வக்காலத்து வாங்கினேன். எப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறது, ஒரு முடிகூடக் கொட்டவில்லை, அம்மாவே பாராட்டினாள் என்றெல்லாம் சொன்னேன். அத்தையின் தலையிலிருந்து முந்தானை சரிந்தது. எட்டணா அகலம் இப்போது உள்ளங்கை அகலமாகியிருந்தது. பொருக்கு இல்லை, சுத்தமாக இருந்தது. இதை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று ஒரு நிபுணனின் ஆர்வத்தோடு நான் எட்டிப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் காவலில் இருந்த பெட்டியில் இப்படி ஒன்று நடந்திருக்குமா? “கடிச்சா வலிக்கும்ல? கத்தியிருக்கும்ல? பெட்டி என் பாய்க்குப் பக்கத்துலதான் அத்தை இருக்கு. ஒருநாள்கூட அது கத்தினதே இல்ல!”

அத்தை சிறுசுவைக் கம்பி வழியே என் கையில் திருப்பி வைத்தாள்.

“கத்துனா மட்டும்?”