கதவுக்காரி

அந்த வீட்டில் கதவுகள் சத்தம் போடுவதில்லை. ஒவ்வொரு கதவு நிலையிலும் பழைய துணியை மடித்து ஆணியடித்திருந்தார்கள். அழைப்பு மணி கிடையாது. வந்தவர்கள் ஜன்னலோரம் நின்று மெல்லக் குரல் கொடுக்க வேண்டியதுதான். அலாரம் அடிக்கும் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமென்றால் பாதத்தைத் தொட்டு மெதுவாகத் தடவ வேண்டும். புதிதாக வருகிறவர்கள், "என்னங்க இது, வீடா ஆஸ்பத்திரியா?" என்பார்கள். வீட்டுக்காரர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

எல்லாம் கதவுக்காரிக்குப் பயந்துதான். இப்போது இந்த வீட்டில் இருக்கும் பல்லக்காவுக்குக் கொள்ளுப்பாட்டியின் தங்கை அவள். கல்யாணமாகாத பெண். ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது காற்றில் கதவு படாரென்று அடிக்க, திடுக்கிட்டு எழுந்தவள் அப்படியே சாய்ந்து செத்துப்போனாளாம். அப்புறம் அம்மாவின் சித்தி, கடிகார மணிச் சத்தத்தில் போனாள். துணைக்கு ஆள் கூப்பிட்டுக்கொள்கிறாள் என்று குடும்பம் தீர்மானித்துவிட்டது. அவள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளுடைய ஒரே படம் பெட்டியின் அடியில் குப்புறக் கிடந்தது. அதை எரித்துப் போடவும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள்தான் பல்லக்கா. பல் கட்டும் பட்டறையில் வேலை. பல் டாக்டர் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சு வரும். இவள் அதிலிருந்து பல்லைச் செய்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் இவள் கைப்பல்லால்தான் மெல்லுகிறார்கள். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு, இருக்கட்டுமே. பகல் முழுக்க மோட்டார் அலறலில் உட்கார்ந்துவிட்டு, வீடு வந்ததும் பூனைபோல நடப்பாள். அவளுடைய அக்கா ஒரு விடியற்காலையில், சத்தத்தை அடக்க மறந்திருந்த போன் மணி அடித்ததும் துள்ளி எழுந்து, விழுந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா விட்டுப்போன பெண்ணை, வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் பெண்ணை, பல்லக்காதான் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள்.

வாலுவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. வெளியூர், விடுதி வாசம்.

"அங்க மணியடிச்சுத்தான் எழுப்புவாங்க சித்தி. எவ வந்து என் காலத் தடவுவா? இப்பவே பழகிக்கிறேன்" என்று சொல்லி, போனில் அலாரம் வைத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுத்தாள்.

காலையில் அது அலறியது. பல்லக்கா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் பெண் எழுந்து உட்கார்ந்து, கண் சொருகி, கட்டிலில் சரிந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கியும் அசைவில்லை. பிறகு வாலு தானாகவே மூச்சை இழுத்தாள். "என்ன சித்தி, ஏன் அழற?" என்று கேட்டாள்.

விஷயம் தெரிந்து பல்லக்காவின் அண்ணன் ஓடி வந்தார். "அவ வந்துட்டா. பிள்ளைய எங்கயும் அனுப்பாத."

வாலு விடவில்லை. "மூஞ்சி தெரியாத ஒருத்திக்குப் பயந்து நான் இந்த வீட்டுக்குள்ளயே கெடந்து சாகணுமா மாமா? நான் போகத்தான் போறேன்."

போனால் முதல் நாள் மணியிலேயே போய்விடுவாளோ என்று பல்லக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கதவுக்காரி பேயோ வேறெதுவோ, எதனால் செத்தாள் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பழைய கட்டுகளைப் புரட்டினார். கதவுக்காரியின் பெயருக்கு நேரே காரணம், பயம். அம்மாவின் சித்திக்கு, சன்னி. அக்காவுக்கு, வலிப்பு.

"பயத்துல யாராவது சாவாங்களா சார்?"

"டாக்டரா வந்து பாத்து எழுதினாரு? ஊர்க் காவக்காரர் வந்து வாசல்ல நின்னு கேப்பாரு. வீட்டு ஆளுங்க சொன்னதுதான் காரணம். இங்க பாருங்க, ஒரு குழந்தை பல்லு முளைச்சு செத்திருக்கு."

"பல்லு முளைச்சா யாரும் சாக மாட்டாங்க" என்றாள் பல்லக்கா, தொழில் கோபத்தோடு.

"அதத்தாம்மா சொல்றேன். காய்ச்சலோ பேதியோ வந்திருக்கும், அந்த நேரம் பார்த்து பல்லும் முளைச்சிருக்கும். சன்னின்னாலும் அப்படித்தான். உடம்பு வெட்டி இழுத்தா சன்னின்னு எழுதிடுவாங்க. இதெல்லாம் நோயோட பேர் இல்ல. நின்னவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்."

மூன்று சாவு, மூன்று காரணம். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அப்படியானால் பேய்தான் என்று மனசு விட்டுப்போய் பட்டறைக்குத் திரும்பினாள்.

மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே மைத்தாளை வைத்துக் கடிக்க விடுவது அவள் வழக்கம். எங்கே உண்மையில் ஒன்றோடொன்று படுகிறதோ, அங்கே மட்டும் நீலப் புள்ளி விழும். அன்றைக்கு அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே கை நின்றுவிட்டது. காரணம் என்று எழுதியதை விடு. நின்றவர்கள் கண்டது என்ன? மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு. கடிகாரம். போன். மூன்று பேரும் திடுக்கிட்டு எழுந்தார்கள், கண் சொருகி விழுந்தார்கள். வாலுவும் அப்படித்தான் விழுந்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டக்கூட மறந்து, அச்சு அனுப்பும் பல் டாக்டரிடம் ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பல்லுதான் தெரியும். ஆனா இது இதயமா இருக்கலாம். இன்னைக்கே பிள்ளைய இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

இதய டாக்டர் ஈ.சி.ஜி. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். "ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்ததுக்குத் தயாராக இவ இதயத்துக்குக் கூடுதல் நேரம் ஆகுது. அந்த நேரத்துல திடுக்குன்னு சத்தம் கேட்டா தாளம் தப்பிடும். குடும்பத்துல வழிவழியா வர்றது. மாத்திரை இருக்கு. படிக்கப் போகலாம். அலாரம் மட்டும் கூடவே கூடாது." தாளை மடித்து வைத்துவிட்டு, "இவ்வளவு வருஷம் எப்படித் தப்பிச்சா?" என்றார்.

பல்லக்கா நிலையில் அடித்த துணியைச் சொன்னாள், பாதம் தடவுவதைச் சொன்னாள்.

"அந்தத் துணிய எடுத்துடாதீங்க" என்றார் டாக்டர்.

பல்லக்காவுக்கும் அண்ணனுக்கும் எடுத்த ஈ.சி.ஜி. தாள்களில் கோளாறு இல்லை. வாலு மாத்திரையோடு விடுதிக்குக் கிளம்பினாள். விடுதி மணிக்கு முன்பே பக்கத்துக் கட்டில்காரி பாதத்தைத் தொட்டு எழுப்புவாள் என்று ஏற்பாடு. அப்படியும் பல்லக்காவுக்குப் பயம் விட்டபாடில்லை. பேயென்றால் வேறு ஊருக்குப் போய்த் தப்பிக்கலாம். இது பிள்ளையின் நெஞ்சுக்குள்ளேயே பெட்டி கட்டிக்கொண்டு கூடப் போகிறது.

பஸ் ஏற்றிவிட்டு வந்தவள் நேரே பெட்டியைத் திறந்து, அடியில் கையை விட்டாள். படத்தைத் திருப்பினாள். ஸ்டுடியோவில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கதவுக்காரி. செருப்பில்லாத கால். முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. அதை மறைக்க முயன்று முடியாமல் சிரித்திருந்தாள். வாலுவை விடச் சின்னவள். இந்தப் பிள்ளையையா இத்தனை காலம் எல்லோரும் சபித்தோம்?

கட்டைவிரலால் அந்தப் பாதத்தை, அந்த வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்புவதுபோல, மெல்லத் தடவினாள்.

"உன்னையும் யாராவது இப்படி எழுப்பியிருக்கலாம்டி."