கலுங்கில் அடுக்கிய மணல் மூட்டைகள்

எங்கள் அணையில் ஷட்டரைத் திறந்து மூடிக் காவல் பார்க்கும் லஸ்கராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் வீரய்யா. கறம்பக்குடிப் பக்கம் அப்படியொரு பிடிவாதக்காரரைப் பார்க்க முடியாது. காலையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதாமல் டீ குடிக்க மாட்டார். கரையில் ஈரம் கசிந்தால் குச்சி நட்டு அடையாளம் வைப்பார். எங்களுக்கு அணை என்றால் பாசனம், அவ்வளவுதான். கீழூர் வெள்ளத்தில் போகாமல் காப்பதும் அணையின் வேலை என்பார் அவர்.

அந்த ஐப்பசியில் கடைமடை வயலுக்காக இன்னும் ஓரடி தேக்கச் சொல்லிப் பத்துப் பேர் அவரிடம் போனோம். மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்க வேண்டும். முடியவே முடியாது என்றார். நான்தான் விடவில்லை. உன் அண்ணன் வயலும் கடைமடைதானே என்று குத்திக் காட்டினேன். அதில்தான் இளகினார்.

“பன்னெண்டு அடி வந்துட்டா ஒங்களுக்குப் போன் போடுவேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து மூட்டையை எடுத்துரணும்ண்ணே. கலுங்கை அடைச்சா கரை தாங்காது.”

தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன வலிக்கவா போகிறது?

தீபாவளியன்று காலையில் மழை கொட்டித் தீர்த்தது. என் மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு இலை போட்டுக் கறி வைக்கும்போது போனில் வீரய்யா பெயர். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கவிழ்த்து வைத்தேன். மூன்று தடவை அடித்தது.

மழை விட்ட பிறகுதான் போனேன். ஷட்டர் எல்லாவற்றையும் திறந்தும் போதாமல், முப்பது மூட்டையையும் தனியாளாகப் பிடுங்கி எறிந்திருக்கிறார். கரை நின்றது. கீழூரில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. கடைசி மூட்டையோடு தண்ணீர் அவரையும் இழுத்துக் கல்லில் அடித்துவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூட்டை அடுக்கியது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். நான்தான் என்றார் வீரய்யா. வேலை போனது. பத்துப் பேரும் பக்கத்தில்தான் நின்றோம், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு. அந்தப் போகம் எங்களுக்கு நல்ல விளைச்சல் வேறு.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டார். ஒன்பது என்றேன். என் முகத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கு மழைச் சத்தத்துல ஒங்களுக்குப் போன் அடிச்சது கேட்டிருக்காது. இல்லீங்களாண்ணே?”

“ஆமா வீரய்யா, கேக்கவே இல்ல,” என்றேன், பாவி.