கோகிலவாணி போட்ட கையெழுத்து

தாம்பரத்து அண்ணன் தம்பிகளுக்கு வக்கீல் கோகிலவாணி என்றாலே வேப்பங்காய். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, அக்கா தங்கைகளுக்குச் சொத்தில் பங்கு வாங்கிக் கொடுப்பதே அவள் பிழைப்பு. "விடுதலைப் பத்திரம்னு நீட்டினா கைய மடக்கி வச்சுக்கோங்க. பங்க விட்டுக்கொடுத்து ரிஜிஸ்டர் பண்ணிட்டா அப்புறம் அழுது பிரயோஜனமில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்வாள்.

அவளிடமே ஒருநாள் அந்தப் பத்திரம் வந்தது. கொண்டுவந்தவன் கூடப்பிறந்த அண்ணன் ரத்தினம், திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அப்பா உயில் எழுதாமலே கண்ணை மூடியதால் சேலையூர் வீட்டில் இருவருக்கும் சரிபாதி.

"தையில உன் பொண்ணு கல்யாணம். தாய்மாமனா மாலை எடுத்துக் குடுக்க நான் வரணுமா வேணாமா, நீயே சொல்லும்மா" என்றான்.

புருஷன் இல்லாத வீடு. சம்பந்தி வீட்டார் பேச வந்த முதல்நாளே, "தாய்மாமன் இருக்காரு இல்ல?" என்று கேட்டிருந்தார்கள். மேடையில் அந்த இடம் காலியாக இருந்தால் ஊர் வாயில் மகள்தான் அரைபடுவாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில், கூட வந்த அவளுடைய குமாஸ்தா தனசிங் மட்டும், "யோசிச்சுக்குங்க மேடம்" என்றார்.

"எங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்கியும் ரத்தினத்தைக் காணோம். போன் போட்டாள்.

"பில்டர் ஆளுங்க வூட்ட அளக்க வந்துகீறாங்கம்மா. வுட்டுட்டு எப்டி வர்றது? யாரையாச்சும் நிக்க வெச்சுக்க."

தனசிங்தான் மாலையை எடுத்துக் கொடுத்தார். "இவருதான் தாய்மாமனா?" என்று சம்பந்தியம்மாள் கேட்டாள். ஆமாம் என்றாள் கோகிலவாணி.

அடுத்த வாரம் பெருங்களத்தூரிலிருந்து கங்கம்மா என்றொருத்தி வந்தாள். அவளுடைய அண்ணனும் பத்திரம் நீட்டுகிறானாம்.

"கையெழுத்துப் போட்டாத்தான் பொண்ணு காதுகுத்துக்கு வந்து மடில வெச்சுப்பேன்றாரும்மா. போட்டுடட்டா?"

"போடாதே. போட்டாலும் வரமாட்டான்."

கங்கம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லம்மா."

தனசிங் தலைகுனிந்துகொண்டார்.