இழுத்துப் பிடிக்காத கை

மைசூரில் நஞ்சன்கூடு போகும் வழியில் நஞ்சுண்டசாமி ஒரு குதிரை லாயம் நடத்துகிறார். மண்டி மொஹல்லாவில் எங்கள் துணிக்கடைக்கு லீவு விடும் நாளில் நான் அங்கே சவாரி பழகப் போவேன். அப்படிப் பழக்கமானவள்தான் மோகனப்ரியா. ஹனூர் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் விஜய்குமாருக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை கிடைத்தபோது கூடவே வந்தவள், லாயத்தைப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தாள். வயசான குதிரைகளைப் பிடித்து நடத்தியவள் மெல்ல ஏறவும் பழகினாள். அப்புறம் அவள் ஓட்டாத குதிரை அங்கே இல்லை.

போன மழைக்காலத்தில் கெம்பா வந்தது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செவலைக் குதிரை. ஓய்வு பெற்றுவிட்டாய் என்று அதனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போல. ஏரிக்கரை மண்பாதையைக் கண்டால் பிய்த்துக்கொண்டு ஓடும். அதை ஓட்டிய பரத் நல்ல பலசாலி. அவன் கடிவாளத்தை இறுக்க இறுக்க, கெம்பாவும் பலம் கொண்ட மட்டும் முன்னால் இழுக்கும். ஒருநாள் உள்ளங்கை தோல் உரிந்து இறங்கியவன், இனிமேல் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

மோகனப்ரியா நஞ்சுண்டசாமியிடம் போய் நின்றாள். "நான் ஓட்டிப் பாக்கறனுங்க சார்."

"பேடம்மா, வேண்டாம். பரத்தாலயே முடியல."

"அவரு இழுத்தாரு, அதுவும் இழுத்துச்சு. நான் இழுக்க மாட்டனுங்க."

ஏரிக்கரையில் அவள் கெம்பாவை ஓட விடவே இல்லை, நடத்தினாள். வேகம் எடுக்கப் பார்த்தால் கடிவாளத்தை ஒரு கணம் பிடித்து உடனே தளர்த்துவாள். மறுபடி பிடிப்பாள், மறுபடி விடுவாள். எதிர்த்து இழுக்க அதற்கு ஒரு பிடிமானம் கிடைக்காது. நடுநடுவே புளியமரத்தைச் சுற்றி வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம்.

"வேலை இல்லாம விட்டா ஓடத்தான் நினைக்கும். திருப்பிக்கிட்டே இருந்தா காது நம்ம பக்கம் வந்துருங்கக்கா," என்றாள் என்னிடம்.

ஒருநாள் காலை அவள் கெம்பாவிலும் நான் ஒரு கிழட்டுப் பெண்குதிரையிலும் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சரவெடி வெடித்தது. கெம்பா ஒரே தாவு. எதிரே லாரிகள் பறக்கும் மெயின் ரோடு. என் குதிரையும் தலையைத் தூக்கியது.

"அக்கா, பின்னால வராதீங்க! அங்கயே நில்லுங்க!" என்று கத்தினாள். நான் துரத்தினால் கெம்பா அதைப் பந்தயம் என்றே நினைத்திருக்கும். என் குதிரையை நிறுத்திக்கொண்டேன்.

அவள் கடிவாளத்தை இழுத்துப் பின்னால் சாய்ந்து தொங்கவில்லை. ஒரு கையைப் பிடரியில் ஊன்றி, மறு கையால் பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் போனாள். ரோட்டுக்கு முன்னால் அறுவடை முடிந்த ராகிக் காடு இருந்தது. சட்டென்று திருப்பினால் குதிரை சரிந்துவிடும். அதனால் அகலமாக வளைத்து உள்ளே கொண்டுபோனாள். முதலில் காட்டையே அடைக்கும் பெரிய வட்டம். வட்டம் சுருங்கச் சுருங்கப் பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையானது. கடைசியில் கெம்பா மூச்சு வாங்கி நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டியா?"

"உசுரே போயிருச்சுங்கக்கா."

ஆனாலும் இறங்கவில்லை. வெடிப்புகை கலையாத அதே வழியில் கெம்பாவை நடத்தியே கூட்டிவந்தாள். லாயத்தில் டீ குடித்துக்கொண்டே நடந்ததை நஞ்சுண்டசாமியிடம் சொன்னாள். சொல்லும்போது அவளே சிரித்துவிட்டாள்.

"நாளைக்கு லீவு எடுத்துக்கோம்மா," என்றார் நஞ்சுண்டசாமி.

"நாளைக்கு ஓட்டலேன்னா அதுவும் மறந்துரும், நானும் பயந்துருவனுங்க சார்."

மறுநாளும் ஓட்டினாள். கெம்பா இன்றும் வேகமான குதிரைதான். அதை மந்தமாக்க அவளுக்கு ஒருபோதும் எண்ணமில்லை. இப்போது பழக வருகிறவர்களின் வரிசைக்கு முன்னால் கெம்பாவில்தான் போகிறாள். பின்னால் வரும் எங்களைத் திரும்பிப் பார்த்து, பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் அதட்டுவாள்: "முதுகை நிமித்துங்க! நிதானா, நிதானா! பஸ்ஸு வருது, ஓரமா வாங்க!"