முனியப்பனுக்கு நேர்ந்த கெடா

பச்சமுத்து பர்மாச் சண்டையிலிருந்து காலில் ஆறாத புண்ணோடு வந்தான். அது நாற்பத்தாறாம் வருஷம். ராசிபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். கட்டு மாற்ற என்னிடம்தான் வருவான். உள்ளே எலும்புச் சில்லு இருக்கிறது, சேலத்துக்குப் போய் அறுத்து எடுக்காமல் ஆறாது என்று சொல்லிவிட்டேன்.

அவன் தயார். அவன் அம்மா குஞ்சம்மாள் விடவில்லை. மகன் உயிரோடு திரும்பினால் கெடா வெட்டுவதாக ஏரிக்கரை முனியப்பனுக்கு நேர்ந்திருந்தாள். அதை முடிக்காமல் உடம்பில் கத்தி வைத்தால் பிள்ளை பிழைக்க மாட்டான் என்று பயம்.

கெடா வெட்ட அவன் ஒப்பவில்லை. பர்மாவில் அடிபட்டுக் கிடந்தவனைப் புத்த மடத்துச் சாமியார்கள் தூக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பாயில் ஒரு ஜப்பான்காரன், எதிரிப் பட்டாளம். இருவருக்கும் ஒரே கஞ்சி. எந்த உயிரையும் கொல்லாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். அந்த மடத்துப் புத்தரைப் பார்த்ததும் இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். நீண்ட காது, மூடிய கண், மடியில் கைமேல் கை. எங்கள் ஏரிக்கரை முனியப்பன் சிலையும் அப்படியேதான் இருக்கும். யாரோ அதற்கு மீசை வரைந்து, பக்கத்தில் அரிவாள் நட்டிருந்தார்கள்.

"இந்தச் சாமி உசுரு கேக்காது ஆத்தா."

"ஆளைச் சுடறப்ப வராத பாவம், ஆட்டை வெட்டறப்ப வந்துருச்சா சாமி?"

மகனை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள். கால் வீங்கிக்கொண்டே போனது.

"வெட்டித் தொலையப்பா. கெடா போனாப் போகுது, கால் போனா வராது" என்று நானும் சொன்னேன். கடைசியில் ஒப்புக்கொண்டான். பூசை முடிந்ததும் அவனைச் சேலத்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று நானும் போனேன்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் கெடா உடம்பை உதற வேண்டும். அதுதான் சாமி சம்மதம், உதறாமல் வெட்டக்கூடாது. வெயிலுக்குத் தண்ணீர் சுகமாக இருந்ததோ என்னவோ, கெடா அப்படியே நின்றது. குடம் குடமாக ஊற்றினார்கள்.

"ஊட்டுல ஏதோ கொறை இருக்குது. மனசுல கெடக்கறதைச் சொல்லிருங்க" என்றார் பூசாரி மாதையன்.

எல்லாரும் குஞ்சம்மாளைப் பார்த்தார்கள். பச்சமுத்துதான் வாயைத் திறந்தான்.

"ஓடையில ஒரு ஜப்பான்காரன் தண்ணி மோந்துக்கிட்டிருந்தானுங்க. சின்னப் பையன். முதுகுல சுட்டேன். மடத்துல சொன்னா வெளிய தள்ளிருவாங்கன்னு நெனச்சேன். சொன்னேன். இனிச் சுடாதேன்னுட்டுக் கஞ்சி ஊத்துனாங்க. அவ்வளவுதானுங்க."

அப்போதுதான் கெடா உதறியது.

"சாமி ஒத்துக்கிச்சு!" மாதையன் அரிவாளை இறக்கினார். பச்சமுத்து தடுக்கக் கையை நீட்டியதைப் பார்த்தேன். எட்டவில்லை.

கறி வெந்தது. அவன் தள்ளிப்போய் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தான். குஞ்சம்மாள் அவனுக்கு வெறும் மோர்ச்சோறு கொண்டுபோய் வைத்து, தானும் அங்கேயே உட்கார்ந்தாள். அவளும் கறி தொடவில்லை.

"அந்தப் பையனுக்கும் ஆத்தா இருந்திருப்பாளே சாமி. அவ என்ன நேந்துக்கிட்டாளோ."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அதற்குள் தலைக்கறி யாருக்கு என்று பங்காளிகள் கட்டிப் புரண்டார்கள். அவன் எச்சில் கையோடு நொண்டிக்கொண்டு போய் நடுவில் நின்றான். அவனுக்கும் இரண்டு அடி விழுந்தது. "போதும் உன் சமாதானம், பஸ் போயிரும்" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.