நடக்க இடமில்லாத ஊர்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். கடையில் போய் நின்று கால் கிலோ ரவை கேட்பதற்கே எனக்குக் குரல் எழும்பாது. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஒதுங்கி நிற்பேன். கடையைச் சாத்தப் போகும்போதுதான் கடைக்காரர் என்னைப் பார்ப்பார். படிப்பும் பத்தாவது வரைதான், அதிலும் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவள். இப்படிப்பட்ட ஒருத்தி ஒரு ஊரைப் பற்றி எழுதலாமா என்றால், கூடாதுதான். ஆனால் வாயால் சொல்ல முடியாததை எல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்வது என் பழக்கம். இந்த ஊருக்கு வந்த பிறகு அது நிறையச் சேர்ந்துவிட்டது.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை இருந்தது. என் வீட்டுக்காரர் லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர். போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சும் கையும் திரும்பிவிட்டன. இடது கால் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். தினமும் நடக்க வேண்டும், காலைத் தூக்கி வைத்து நடக்க வேண்டும், விட்டுவிட்டால் கால் அப்படியே இறுகிப் போகும், அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏரிக்கரையில் சாயங்காலம் நடந்துகொண்டுதான் இருந்தார். அதற்குள் மகனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் காஞ்சிபுரம் வரை வருகிறது என்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டைப் பிடித்து எங்களையும் கூட்டி வந்துவிட்டான்.

வந்த நாள் முதல் அவர் நடக்கவில்லை. கேட்டால், "நடக்கறதுக்கு ஒரு எடம் வேணாமா?" என்பார். மொட்டை மாடியில் நடக்கலாமே என்றேன்.

"மொட்ட மாடில நடக்கறதுக்கு நான் இன்னா காக்காவா?"

ஆகவே அவர் நடக்க ஒரு இடம் தேடுவது என் வேலையாயிற்று. வாயில்லாத நான் ஊர் சுற்றக் கிளம்பியது இப்படித்தான்.

இந்த ஊரில் வெளியூர் முகத்தைக் கண்டால் ஒரே கேள்விதான்: கோயிலா, சேலையா? மூன்றாவதாக ஒரு காரணத்துக்காக ஒரு மனுஷி இங்கே இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. முதல் வாரம் அவருக்கு மாத்திரை வாங்க ஆட்டோவில் ஏறினேன். மருந்துக் கடை என்று சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. ஆட்டோக்காரர் நேராக ஒரு பட்டுச் சேலைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "எறங்குமா, உள்ள ஏசி போட்டுக்கினு இருக்கறாங்க, நிம்மதியா பாரு" என்றார். அவர் கமிஷனுக்கு நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? இறங்கினேன். உட்கார வைத்தார்கள். குடிக்கக் கலர் கொடுத்தார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு விற்பனைக்காரர் மடி மேலே சேலையாகப் பிரித்துப் போட்டார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கல்யாணம் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பையனுக்கு என்றேன். எப்போது என்றார். தை மாசம் என்றேன். என் மகனிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவான். அவனுக்கு நான் அங்கே தேதி குறித்துவிட்டு, மாத்திரை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அந்த விற்பனைக்காரர் என்னை எங்கே பார்த்தாலும் கல்யாண வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிக்கிறார். பெண் எந்த ஊர் என்று ஒருநாள் கேட்டார். வாலாஜாபாத் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இடம் தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் பூங்கா. பூங்கா என்றால் வட்டமாக ஓடு பதித்த பாதை, நடுவில் மூக்கு உடைந்த சிமெண்டு மான். அங்கே நடப்பவர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டு, போனைக் கையில் கட்டிக்கொண்டு, எத்தனை அடி நடந்தோம் என்று ஒருத்தருக்கொருத்தர் பீற்றிக்கொள்கிறார்கள். கைலியோடு இவர் போய் நின்றதும் ஒருத்தர் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருத்தர் வெந்தயம் கூடாது, வேப்பிலை என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் தகராறே வந்துவிட்டது. இவர் மான் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்தது குளம். குளம் அழகாகத்தான் இருக்கிறது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். கதவில் பூட்டு. பிறகு கோயில் பிரகாரம். நிழல், கல் தரை, கூட்டமும் இல்லை. பத்தடி போவதற்குள் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு அங்கே இருந்த மரத்தின் வயதைச் சொல்ல ஆரம்பித்தார். மறுநாள் வேறொருவர் அதே மரத்துக்கு வேறு வயது சொன்னார். இரண்டு பேரும் அது பிறந்தபோது பக்கத்தில் இருந்த மாதிரியேதான் பேசினார்கள். வெளியே வந்து கோயில் இட்லி வாங்கினேன். பெரிய பெரிய மூங்கில் குடலையில் வேகவைத்து, கேக் மாதிரி அறுத்துக் கொடுக்கிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு. இவர் ஒரு வாய் போட்டுவிட்டு, "இட்லிக்கு ஜொரம் வந்தாப்புல இருக்குது" என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட அம்மாவுக்குத் தான் பிறந்த ஊரில் எல்லாமே உசத்தி. திருமுக்கூடலுக்குப் போங்க, மூணு ஆறு சேர்ற எடம், காத்து அப்படி வரும் என்று சொன்னார்கள். அவர்கள் அங்கே போய் எத்தனை காலம் ஆனது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பங்குனி வெயிலில் வாலாஜாபாத் போய், பஸ் மாறி, இறங்கிப் பார்த்தால் மூன்று ஆற்று மணலும் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கேயோ ஒரு ஓரமாக, வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. மணலில் நல்ல காலுள்ளவனாலேயே நடக்க முடியாது. கோயிலுக்குள் போனோம். சுவர் முழுக்க அந்தக் காலத்து எழுத்து. இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ எழுதனவன் தண்ணி எப்ப வரும்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு மர நிழலில் உட்கார்ந்தார்.

திரும்பி வந்து வீட்டுப் படி ஏறும்போதுதான் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. பஸ்ஸிலோ ரோட்டிலோ கழன்று விழுந்திருக்கிறது. அது கழன்றது அவருக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்த காலத்தில் செருப்பு கழன்றால் தெரிந்துவிடும், நின்று மாட்டிக்கொள்வார். டாக்டர் சொன்னது ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். "இனிமே என்ன எங்கயும் கூப்புடாத" என்றார்.

அடுத்த நாள் பின்னால் வார் வைத்த செருப்பு தேடிப் போனேன். ஊர் முழுக்கப் பட்டு விற்கிறார்களே தவிர காலுக்குப் போட ஒன்று கிடைப்பது அத்தனை கஷ்டம். கடைசியில் கிடைத்தது, பாருங்கள், அதே சேலைக் கடைக்கு எதிரில். விற்பனைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பு மாப்பிள்ளைக்கா என்று கேட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

செருப்பைப் போட்டுப் பார்க்கவாவது வாங்க, பால் பூத் வரைக்கும் போய் வரலாம் என்று மறுநாள் விடியற்காலையில் கெஞ்சி இறக்கினேன். பால் பூத்துக்குக் குறுக்கு வழி தறிக்காரர்கள் தெரு. தெரு முனைக்கு வந்ததும் இதற்கு மேல் முடியாது, நீ போய் வாங்கி வா, நான் இங்கேயே நிற்கிறேன் என்றார். கைலி, தோளில் துண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் போனேன்.

அந்தத் தெருவில் அன்றைக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். பாவு என்றால் சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் மூங்கில் குச்சி செருகி, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்ப் போய் வர வேண்டும். இதற்குக் கூலிக்கு ஆள் வருவார்கள். விடிகிற நேரத்தில் அந்தத் தெரு முனையில் தோளில் துண்டோடு ஒருத்தன் நின்றால் அவன் பாவுக்கு வந்த ஆள். இதுவும் கோயிலா சேலையா மாதிரிதான். வேறு எதற்காகவும் ஒரு மனிதன் அங்கே நிற்கலாம் என்று அவர்கள் புத்திக்கு எட்டாது.

நான் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தபோது இவர் முனையில் இல்லை. தெரு நடுவில், அந்த நூலை ஒட்டி, கையில் மூங்கில் குச்சியோடு நடந்துகொண்டிருந்தார்.

தறி வீட்டு அம்மா ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், கஞ்சிக் குண்டானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"விடியறதுக்கு முன்ன வான்னா வெயிலு கூட வந்துக்கினு, வந்தும் வேடிக்க பாத்துக்கினு நிக்கற. இன்னாபா நீ?"

லாரி ஷெட்டில் முதலாளியையே எதிர்த்துப் பேசினவர், குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நூலையே பார்த்தபடி வந்தார். இடது கால் வழக்கம்போலத் தேய்த்தது. சிமெண்டுத் தெருதான், ஆனால் மண்ணுக்குக் குறைவில்லை. அந்தம்மா பார்த்துவிட்டாள்.

"யோவ், கால தேச்சிக்கினு வராத. கஞ்சி ஈரமா இருக்குது, தூசி எழும்பி பாவுல ஒட்டிக்கினா யாரு பதில் சொல்றது? தூக்கி வை."

தூக்கி வைத்தார்.

டாக்டர் சொன்னார், ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண் மாசக்கணக்காகச் சொன்னாள், மகன் சொன்னான், நான் அழுது சொன்னேன். அப்போதெல்லாம் தூக்காத காலை முன்பின் தெரியாத ஒருத்தியின் பாவுக்காகத் தூக்கி வைத்தார். கொக்கு மாதிரி ஒவ்வொரு அடியாக, முகத்தில் வேர்வை வழிய, அந்த முனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். விழுந்தால் காலும் போகும், அவர்கள் நூலும் போகும். அவர் நோயாளி, விட்டுவிடுங்கள் என்று கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தனை பேர் இருக்கிற தெருவில் அதை நான் எப்படிச் சொல்வேன்? பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சுவர் ஓரமாக நின்றேன். புடவை முன்பக்கம் முழுக்க ஈரமாகிவிட்டது.

அவர் நடுத்தெருவில் திடீரென்று நின்றார். போச்சு என்று நினைத்தேன். "இங்க ஒண்ணு அறுந்துருக்குது" என்று குரல் கொடுத்தார். அந்தம்மா வந்து பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள்.

கூலிக்கு வர வேண்டிய ஆள் அதற்கப்புறம் சைக்கிளில் வந்து இறங்கினான். வழியில் டியூப் வெடித்துவிட்டதாம். அந்தம்மா அவனையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள்.

"அப்ப நீங்க யாருங்க?"

"நான் வாக்கிங் வந்தேன்மா" என்றார் இவர்.

தெருவே சிரித்தது. நியாயமாக ஒரு மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. "பாவு முடியலீங்க, வந்ததுதான் வந்தீங்க, இன்னும் ரெண்டு நட போய்ட்டு வாங்க" என்றாள். இவர் புதிதாக வந்தவனிடம் குச்சியைக் கொடுக்காமல் போய் வந்தார். டீ கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். யார் இந்தம்மா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாவுக்கு வந்த ஆளின் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் கோயில், குளம், பூங்கா என்று தேடி அலைந்து, திருமுக்கூடல் வரை போய் மணலை மிதித்து வந்தவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் யாரோ திட்டினால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்ததும் அவர் காலை நீட்டி உட்கார்ந்து, தானே செருப்பின் வாரை அவிழ்த்தார். அந்த அறுந்த இழையை அவர்கள் யாருமே பார்க்கவில்லை, தான்தான் பார்த்ததாக, வேலைக்குப் போயிருந்த மகனுக்கு போன் போட்டுச் சொன்னார். கண் கூசுகிற மெல்லிசு என்றார். பிறகு என்னிடம், பாவு தினமும் நீட்டுவார்களா என்று அந்தம்மாவைக் கேட்டு வரச் சொன்னார். நானாவது போய்க் கேட்பதாவது.

மறுநாள் அமாவாசை. தறிக்காரர்கள் அன்றைக்கு வேலை செய்யமாட்டார்கள். இவர் விடிவதற்கு முன்னாலேயே தனியாகப் போய், தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பால் வாங்க மறந்து திரும்பி வந்தார்.