இரண்டு வெள்ளை கேட்டுகளுக்கு நடுவே

அத்தை வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு இது. மாமா மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த அத்தை, ஷூவைக்கூடக் கழற்றாமல் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். போன குளிர்ல, மூடுபனி அன்னிக்கு, என்னை எங்க எறக்கி விட்டீங்க?"

"நீ சொன்ன எடத்துலதான். வெள்ளை கேட்டுகிட்ட."

"எந்த வெள்ளை கேட்டு?"

"அங்க என்ன கேட்டு கடையா வெச்சிருக்கான்? இருக்கறது ஒண்ணுதானே."

"ரெண்டு இருக்கு. இன்னிக்குத் திரும்பி வரும்போது பஸ் ஜன்னல்ல பாத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. அச்சு அசலா ஒரே மாதிரி. நான் நடந்து நிறுத்தின கேட்டுகிட்ட ஒடைஞ்ச பெஞ்சு உண்டு. நீங்க எறக்கி விட்ட எடத்துல பெஞ்சே இல்ல. பனியில தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

மாமா கத்தியைக் கீழே வைத்தார். அந்தக் கடற்கரைச் சாலையில் வருஷக்கணக்காகப் பஸ் ஓட்டுகிறவர் அவர். கண்ணை மூடி ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது.

"சரி. ரெண்டாவதுலதான் நிறுத்தியிருக்கேன். இப்ப என்ன?"

"நடுவுல இருக்கற தூரத்தை நான் நடக்கல."

"அது என்ன பெரிய தூரம்? யாரு வந்து அளக்கப் போறா?"

"யாரும் அளக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு போச்சே."

மாமா என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு, நீயாவது எடுத்துச் சொல்லு பாப்பா."

நான் கத்தியை எடுத்து மீதி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தேன். அத்தை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டார்.

அத்தை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரு அறையையே அடைத்துக்கொண்டிருக்கும் இஸ்திரி இயந்திரம் அங்கே உண்டு. ஈரப் படுக்கை விரிப்பு ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். அதை இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். அத்தை நிற்பது வலது முனையில். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதே முனை. "நாள் பூரா நிக்கிறேன், ஒரு எடத்துக்கும் போய்ச் சேரல" என்று ஒருநாள் சொன்னவர், அடுத்த விடுமுறையில் துறைமுகத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை கடலை ஒட்டியே ஒரு நடைபாதை போகிறது. சேர்ந்தாற்போல் பல நாள் நடக்க முடிந்தவர்கள் ஒரே பயணமாக நடந்து முடிப்பார்கள். அத்தைக்குக் கிடைத்தது வாரத்தில் ஒருநாள். அன்றைக்கு முடிந்தவரை நடப்பார். நிறுத்துகிற இடத்தில் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். அடுத்த முறை பஸ்ஸில் வந்து, கோடு அழிந்து போயிருந்தாலும் அதே இடத்தில்தான் கால் வைப்பார். ஆற்று முகத்துவாரத்தில் பாலம் இல்லையென்றால் படகில் ஏறமாட்டார். பாலம் இருக்கிற இடம்வரை ஆற்றோரமாகவே போய், மறுகரையில் திரும்பி வருவார். அதற்கே சில விடுமுறைகள் போயின. சலவைக்கூடத்தில் இடது முனையைப் பிடிக்கிற அக்கா திங்கள்கிழமைதோறும், "என்னடி, கடல் தீந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் பாக்கி வெச்சிருக்காங்கக்கா" என்பார் அத்தை.

மாமா கேலி செய்தாலும், தன் வண்டியில் அவரைக் கோடு கிழித்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதைத் தன் பொறுப்பாகவே வைத்திருந்தார். நடந்துபோகிறவரைச் சாலையிலிருந்து பார்த்தால் ஹாரன் அடிப்பார். பயணிகள் திரும்பிப் பார்த்தால், "நம்ம வீட்டுக்காரம்மா. பஸ் பிடிக்காது" என்பார்.

அந்தச் சமையலறைப் பேச்சு நடந்தபோது அத்தையின் முழங்கால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. மாற்று மூட்டு வைப்பதற்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், மலைப்படிகளை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டு கேட்டுகளுக்கும் நடுவே இருப்பது மேடும், மறுபக்கம் இறங்கும் படிகளும்தான். போதாக்குறைக்கு, மழையில் மண் சரிந்து அந்தத் துண்டு மட்டும் மூடப்பட்டிருந்தது.

பாதையைப் பராமரிக்கிற அலுவலகத்தில் அந்த ஊர் மொழிதான் பேசுவார்கள், அத்தைக்கு அது சரளமாக வராது. அதனால் போன் பேசும் வேலை எனக்கு வந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால், கேட்க வேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்பவள் நான். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "எப்ப தெறப்பீங்கன்னு கேளு. சும்மா 'சீக்கிரம்'னா நம்பாதே. ஆளுங்க வேலை செய்யறாங்களான்னு கேளு" என்று முழங்கையால் இடிப்பார். வாராவாரம் கூப்பிட்டதில் அங்கிருந்தவருக்கு என் குரல் பழகிவிட்டது. பேர்கூடக் கேட்கமாட்டார், "உங்கள் அத்தையின் கால் எப்படி இருக்கிறது?" என்றுதான் ஆரம்பிப்பார்.

இதற்கிடையில் அத்தை கலங்கரை விளக்கத்தை எட்டிவிட்டார். சலவைக்கூடத்து அக்கா பூங்கொத்தோடு வந்திருந்தார். மாமா போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். அத்தை பூவை வாங்கிக்கொண்டார், போட்டோவுக்கு நிற்கவில்லை. "இன்னும் முடியலங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அலுவலகத்திலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். படிகளைப் புதிதாக வெட்டி, கயிறு கட்டி, பாதையைத் திறந்துவிட்டார்களாம்.

மாமா லீவு போட்டுவிட்டு எங்களோடு பயணியாக வந்தார். ஓட்டுநர் மாமாவிடம் வேலை பழகியவர். அவரிடம் மாமா இரண்டு தடவை சொன்னார்: "ஒடைஞ்ச பெஞ்சு இருக்கற கேட்டு. நல்லா பாத்து நிறுத்துப்பா. இல்லன்னா என் குடும்பம் ஒடைஞ்சிடும்." நாங்கள் இறங்கினோம். மாமா மட்டும் அதே பஸ்ஸில் அடுத்த கேட்டுக்குப் போனார்.

மேடு ஏறியது ஒன்றும் கஷ்டமாக இல்லை. படிகள்தான். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், கீழே பாறையும் அலையும். உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னேன். "அது நடந்த கணக்குல வராது" என்றார். கொஞ்ச நேரம் படிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகத்தை மலைப்பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். பாதி வழியில் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மறுபடி இறங்கினார். கீழே கேட்டருகில் நின்ற மாமா, வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறவருக்குச் சொல்வதுபோல் கையை ஆட்டி, "வரலாம், வரலாம், ரைட்ல கொஞ்சம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு வருமுன் அத்தையின் கை அந்த வெள்ளைக் கம்பியில் பட்டது. மாமாவைப் பார்த்து, "இப்ப எடுங்க போட்டோ" என்றார்.

அத்தையிடம் இப்போது புது மூட்டு இருக்கிறது. பழையபடி வலது முனையில் நிற்கிறார். அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் போட்டோ அல்ல. படிகளின் உச்சியில் நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பிடிக்காதே பாப்பா. பக்கத்துலயே வா, போதும். விழுந்தா மட்டும் தூக்கிவிடு. ஆனா ஒண்ணு கேக்கறேன், விழுந்த எடத்துலயே நிக்க வை. பாவம்னு ஒரு படிகூடக் கீழ வெச்சிடாதே."